பணிசார் மொழிக்கற்பித்தலில் தொழில்நுட்பத்தின் இடம்: பெங்களூருத் திட்டமும் சிவகிரி வட்டாரத் தமிழ் வகுப்பறையும்

ஆய்வுச் சுருக்கம்

பணிசார் மொழிக்கற்பித்தல் தென்னிந்தியப் பள்ளிகளில் உருப்பெற்றுப் பின்னர் உலகெங்கும் பரவிய ஒரு கற்பித்தல் அணுகுமுறை ஆகும். கரும்பலகையையும் தாளையும் மட்டும் கொண்டு தொடங்கிய அவ்வணுகுமுறையோடு இன்று கைப்பேசியும் கணினியும் இணையமும் சேர்ந்துள்ளன. ஒரு பணியில் அமைந்துள்ள 'இடைவெளி'யைக் கருவி எவ்வாறு தொடுகிறது என்பதே அக்கருவியின் மொழிக்கற்பித்தல் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. தமிழைப் பொறுத்தவரை அவ்விடைவெளி பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இடையே இயல்பாகவே அமைந்துள்ளது. தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டாரச் சூழலுக்கென ஒரு பணித்தொடர் வடிவமைக்கப்பட்டு, அதன்வழி இக்கருத்து விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பணிசார் மொழிக்கற்பித்தல், இடைவெளி, இரட்டை வழக்கு, பெங்களூருத் திட்டம், சிவகிரி, தமிழ் 99

முன்னுரை

பள்ளித் தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதும் பயிற்சி நெடுங்காலமாக இருந்து வருகிறது. தெருவிளக்கு வேண்டி மின்வாரிய அலுவலருக்கும், குடிநீர் வேண்டி ஊராட்சித் தலைவருக்கும் மாணவர் கடிதம் எழுதுகின்றனர். அனுப்புநர், பெறுநர், பொருள், விளி, இப்படிக்கு, உறைமேல் முகவரி என்னும் உறுப்புகளை மனனம் செய்து, வழிகாட்டி நூலில் உள்ளவாறே எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அனுப்புநர் பெயர் பெரும்பாலும் 'அ அ அ' என்றே இருக்கும். அக்கடிதம் எவருக்கும் அனுப்பப்படுவதில்லை. அதனைப் படிக்கும் ஒரே மனிதர் விடைத்தாள் திருத்துபவர். தெருவிளக்கு எரிகிறதா என்பது அவருக்கும் பொருட்டன்று.

பத்தாண்டுகளுக்கு மேல் இப்பயிற்சியைச் செய்து தேர்ந்த மாணவர், பட்டா மாறுதலுக்கோ சாதிச் சான்றிதழுக்கோ ஒரு விண்ணப்பம் எழுத நேரும்போது, வட்டாட்சியர் அலுவலக வாயிலில் மனு எழுதிக் கொடுப்பவரை நாடுகிறார். சரளமாகத் தமிழ் பேசும் ஒருவருக்குத் தம் குறையைத் தமிழில் எழுதத் தயக்கம் உண்டாவது மொழிக்கல்வியின் தோல்வி என்றே கொள்ளப்பட வேண்டும். ஆங்கில வழியில் பயிலும் தமிழ்க் குழந்தைகளிடம் இத்தயக்கம் மேலும் மிகுதி.

இக்குறையைத் தொழில்நுட்பம் தீர்க்கும் என்னும் நம்பிக்கை கல்வித்துறையில் பரவலாக உள்ளது. ஆனால் மேற்கண்ட கடிதத்தையே கணினியில் தட்டச்சு செய்து ஆசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பச் செய்தால், மாறுவது எழுதுகருவி மட்டுமே. படிப்பவர் எவருமில்லாத கடிதம் மின்னஞ்சலிலும் படிப்பவர் இல்லாத கடிதமாகவே இருக்கிறது. எனவே கருவியைப் பற்றிய வினாவுக்கு முன், பணி என்றால் என்ன என்னும் வினாவுக்கு விடை காண்பது தேவையாகிறது.

'பணி' என்னும் கலைச்சொல்

தமிழ்க் கல்வியியல் எழுத்துகளில் செயல், செயல்பாடு, பணி, பயிற்சி ஆகிய சொற்கள் ஒன்றற்கொன்று பதிலாக வழங்குகின்றன. தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்த 'செயல்வழிக் கற்றல்' முறையோடு பணிசார் மொழிக்கற்பித்தலை ஒன்றாகக் கருதுவாரும் உளர். செயல்வழிக் கற்றலில் பாடப்பொருள் சிறுசிறு படிகளாகப் பகுக்கப்பட்டு, அட்டைகளின் துணையோடு குழந்தை தன் வேகத்தில் ஏணிப்படியாக முன்னேறுகிறது. அங்கு எதைக் கற்க வேண்டும் என்பது ஒவ்வோர் அட்டையிலும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளது. பணிசார் முறையிலோ மாணவர் முன் வைக்கப்படுவது மொழிக்கூறு அன்று. தீர்க்கப்பட வேண்டிய ஒரு சிக்கல். அச்சிக்கலைத் தீர்க்க மொழி தேவைப்படுகிறது. தேவைப்படும் மொழி தீர்க்கும் வழியிலேயே வளர்கிறது.

'வந்தான்' என்பதனைப் பெண்பாலுக்கு மாற்றுக என்பது பயிற்சி. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குச் சிவகிரியிலிருந்து புறப்படும் ஒரு குடும்பம், காட்சி நேரத்திற்குள் சென்று, இரவே ஊர் திரும்ப எந்தப் பேருந்துகளைப் பிடிக்க வேண்டும் என்று கால அட்டவணையைக் கொண்டு முடிவு செய்க என்பது பணி. முன்னதில் விடை சரியா தவறா என்பதை இலக்கணம் கூறும். பின்னதில் குடும்பம் ஊர் வந்து சேருமா என்பதே அதனைக் கூறிவிடும்.

பெங்களூருத் திட்டம்

பணிசார் மொழிக்கற்பித்தல் வரலாற்றை எழுதும் அயல்நாட்டு நூல்கள் பலவும் தவறாமல் குறிப்பிடுவது, தென்னிந்தியாவில் 1979 முதல் 1984 வரை நடைபெற்ற 'கருத்துப் பரிமாற்ற முறைக் கற்பித்தல் திட்டம்' ஆகும். பெங்களூருத் திட்டம் என்றே அது பெயர் பெற்றுவிட்டது. எனினும் அதன் வகுப்புகள் சென்னையிலும் கடலூரிலும் நடைபெற்றன என்பது தமிழ்நாட்டு ஆய்வாளர்களின் கவனத்தில் பெரிதும் பதியவில்லை. சென்னையில் பிரித்தானிய மன்றத்தின் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்த ந. சு. பிரபு, பெங்களூருவின் வட்டார ஆங்கில நிறுவனத்தோடு இணைந்து இதனை நடத்தினார். அதன் விளைவாக உருவான கொள்கை 1987-இல் நூலாக வெளிவந்தது.

இத்திட்டம் தோன்றிய சூழல் இன்றைய தமிழ் வகுப்பறைக்கும் பொருந்துவது. சென்னை மாகாணத்தில் 1950-களிலிருந்து ஆங்கிலக் கற்பித்தல் தொடரமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பயிற்றும் முறையில் நடந்து வந்தது. எளிய அமைப்பு முதலில், அரிய அமைப்பு பின்னர் என்று வரிசைப்படுத்திப் பயிற்றியும், வகுப்பறைக்கு வெளியே மாணவரால் ஆங்கிலத்தைக் கையாள இயலவில்லை என்னும் மனக்குறை ஆசிரியர்களிடையே நிலவியது. பிரபு முன்வைத்த கருதுகோள் எளிமையானது: மாணவரின் உள்ளம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதுதான் மொழியின் வடிவம் அவருள் தானாக ஒழுங்குபெறுகிறது. ஆகவே மொழிக்கூறுகளைத் தேர்ந்து அடுக்கும் பாடத்திட்டத்தை அவர் கைவிட்டார். அதற்கு மாற்றாகப் பணிகளை அடுக்கினார்.

தொடர்வண்டிக் கால அட்டவணை, ஊர் வரைபடம், வகுப்புப் பாடவேளை, நாட்காட்டி, விலைப்பட்டியல் போன்றவை அப்பணிகளுக்குக் களமாயின. ஒவ்வொரு பாடவேளையிலும் ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதையும் ஈடுபடுத்தி ஒரு முன்பணியைச் செய்வார். பின்னர் அதனை ஒத்த வேறொரு பணியை மாணவர் தனித்தனியே செய்வர். மதிப்பீடு விடையின் பொருளைப் பற்றியதே. மொழிப்பிழை குறுக்கிட்டால் ஆசிரியர் அதனைப் போகிற போக்கில் திருத்தித் தம் பேச்சைத் தொடர்வார். பிழையை நிறுத்தி விளக்கமாட்டார். வகுப்பில் ஏறத்தாழப் பாதிப்பேர் பணியின் பாதியையேனும் வெற்றியுடன் முடித்தால் அப்பணி தக்க அறைகூவல் உடையது என்பது திட்டத்தினர் கொண்ட கணக்கு. ஆசிரியரின் பட்டறிவிலிருந்து பிறந்த இவ்வளவுகோல், புள்ளியியல் அளவுகோல்கள் பலவற்றினும் பயனுடையது.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, பிரபு குழுவேலையை வலியுறுத்தவில்லை. கற்போர் தமக்குள் பேசிக்கொள்ளும் குறைமொழியைவிட ஆசிரியரின் நன்மொழியே அவர்களுக்கு நல்ல உள்ளீடு என்று கருதினார். பின்வந்த பணிசார் அணுகுமுறைகள் இதில் அவரிடமிருந்து விலகின. மற்றொன்று, கரும்பலகை, சுண்ணக்கட்டி, தாள், எழுதுகோல் ஆகியவற்றுக்கு மேற்பட்ட எந்த வசதியும் இல்லாத பள்ளிகளிலும் நடத்தக்கூடியதாகவே திட்டம் அமைந்தது. பணிசார் கற்பித்தலுக்குத் தொழில்நுட்பம் இன்றியமையாதது என்று கூறுவோர் இவ்வரலாற்றை நினைவிற்கொள்வது நலம்.

பிரபு பணிகளை மூவகைப்படுத்தினார். ஒருவரிடம் உள்ள தகவல் மற்றவரிடம் இல்லாமையால் எழுவது தகவல் இடைவெளி. கிடைத்த தகவலிலிருந்து கிடைக்காத ஒன்றை உய்த்துணர வேண்டியிருப்பது ஏரண இடைவெளி. ஒரு பொருள் பற்றித் தம் விருப்பையோ மதிப்பீட்டையோ வெளியிட வேண்டியிருப்பது கருத்து இடைவெளி. இவற்றுள் ஏரண இடைவெளியையே அவர் உயர்வாகக் கருதினார். தகவலை வெறுமனே கைமாற்றுவதில் மொழி சில சொற்களோடு முடிந்துவிடுகிறது; உய்த்துணர்தலில் 'ஏனெனில்', 'ஆனால்', 'அப்படியானால்' என்று மொழி நீளவேண்டியுள்ளது.

இத்திட்டத்தை மதிப்பிட்ட பெரெட்டாவும் டேவிசும் (1985), வழக்கமான முறையில் பயின்றோரும் திட்ட வகுப்பினரும் தத்தம் பயிற்சிமுறைக்கு நெருக்கமான தேர்வுகளில் மேம்பட்டதைக் கண்டனர். திட்டத்திற்குச் சார்பான முடிவாகவே அது அமைந்தது எனினும், அவர்கள் அதனைத் தயக்கத்துடனேயே கூறினர். பின்னர் பெரெட்டா மேற்கொண்ட ஆய்வு, ஆசிரியர் எல்லாரும் ஒரே அளவில் புதிய முறையை உள்வாங்கவில்லை என்பதைக் காட்டியது. தேர்வு எதனை அளக்கிறதோ அதுவே வகுப்பறையில் நிலைக்கும் என்பதும், ஆசிரியர் ஏற்காத முறை தாளிலேயே தங்கிவிடும் என்பதும் இவ்விரு ஆய்வுகளிலிருந்தும் தெளியப்படும்.

கருவி இடைவெளியைத் தொடும் வகை

தொழில்நுட்பம் வழிப்பட்ட பணிகளுக்கெனத் தனிக் கோட்பாட்டை முன்வைத்தவர்களுள் கொன்சாலேஸ்-யோரெத்தும் ஒர்த்தேகாவும் (2014) குறிப்பிடத்தக்கவர்கள். பழைய பயிற்சியை எடுத்துத் திரையில் ஏற்றிவிடுவது பணி ஆகாது என்பதும், பணியின் நோக்கம், பொருள் முதன்மை, கற்போர் மையம் ஆகியன கருவியைச் சேர்த்த பின்னும் நிலைக்க வேண்டும் என்பதும் அவர்களின் நிலைப்பாடு. கருவியைப் பயன்படுத்துதலே ஒரு மொழிச்செயலாக மாறிவிட்டது என்பதையும் அவர்கள் சுட்டுகின்றனர். மின்னஞ்சல் எழுதுதலும், இணையப் படிவம் நிரப்புதலும், குரல்செய்தி அனுப்புதலும் இன்று மக்கள் மொழியைக் கையாளும் உண்மைக் களங்கள்.

பிரபுவின் இடைவெளிக் கருத்தையும் இந்நிலைப்பாட்டையும் இணைத்து நோக்கினால், ஒரு கருவி பணியை மூன்று வகையில் தொடக்கூடும் எனலாம். அது இடைவெளியை உண்டாக்கலாம். இருக்கும் இடைவெளியை நீட்டித்துத் தாங்கலாம். அல்லது அதனை நிரப்பிவிடலாம். முதல் இரண்டும் கற்றலுக்கு உதவுவன. மூன்றாவது பணியையே அழிப்பது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018-19 கல்வியாண்டு முதல் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றுள்ளன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அரசு உயர்நிலை, மேனிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. இவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆசிரியர் இல்லாத பாடவேளையிலும், பள்ளி மூடிக்கிடந்த பெருந்தொற்றுக் காலத்திலும் அவை துணைநின்றன. ஆயினும் மொழிக்கற்பித்தல் நோக்கில் பார்க்கும்போது, குறியீட்டை வருடினால் கிடைப்பது பெரும்பாலும் பாடப்பொருளின் விளக்கக் காணொளி. ஆய்வகத்தில் நடைபெறுவது பெரும்பாலும் சரியான விடையைத் தெரிவுசெய்யும் தேர்வு. இரண்டிலும் மாணவர் எவரிடமும் எதையும் சொல்லவேண்டிய தேவை எழவில்லை. அதே பாடநூல்களில் 'கற்பவை கற்றபின்', 'மொழியை ஆள்வோம்', 'நிற்க அதற்குத் தக' ஆகிய தலைப்புகளின்கீழ் உள்ள செயல்பாடுகள் பல, உண்மையான பணிகளாக வளர்க்கத்தக்கன. கருவி காணொளியின் பக்கம் நிற்கிறது. பணி தாளின் பக்கம் நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பதே இன்றைய நிலை.

இவை சந்தித்த நிகழ்வு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. 2010-இல் கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசும் தமிழ் விக்கிப்பீடியாவும் இணைந்து கல்லூரி மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டியை நடத்தின. பரிசுப் போட்டியாக அறியப்பட்ட அது, மொழிக்கற்பித்தல் நோக்கில் ஒரு பெரும்பணி. விக்கிப்பீடியாவில் எழுதப்படும் கட்டுரைக்கு மதிப்பெண் இடுபவர் அல்லாத வாசகர் உண்டு. அவ்வாசகர் கட்டுரையைத் திருத்துவார், சான்று கேட்பார், உரையாடல் பக்கத்தில் மறுப்பார். எழுதியவர் விடையளிக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகி நிற்பதால், ஒரு தொடர் எவ்வாறு செம்மையுற்றது என்பதைப் பின்னோக்கிக் காணவும் இயலும். கருவி இங்கு இடைவெளியை உண்டாக்கி, அதனைத் தாங்கியும் நிற்கிறது.

இரட்டை வழக்கு: தமிழின் இயல்பான இடைவெளி

இரண்டாம் மொழி கற்பித்தலில் இடைவெளியைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியுள்ளது. ஒரே படத்தின் இரு வடிவங்களை இருவரிடம் கொடுத்து வேறுபாடுகளைக் கண்டறியச் சொல்வது அத்தகையது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கு அவ்வாறு செய்யத் தேவையில்லை. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் ஒலியிலும் உருபிலும் தொடரமைப்பிலும் வேறுபட்டு நிற்றலை ஷிஃப்மன் (1999), பிரித்தோ (1986) ஆகியோரின் ஆய்வுகள் விரிவாகக் காட்டியுள்ளன. வீட்டில் கேட்ட ஒன்றை எழுத்தில் சொல்வதே தமிழ்க் குழந்தைக்கு ஓர் ஏரணப் பணி.

நன்னூல் பொதுப்பாயிரம் நூல் பயிலும் முறையைக் கூறுமிடத்து வழக்கறிதலை முதலாவதாக வைக்கிறது. உடன் பயில்வோரோடு பழகுதல், வினாதல், வினாயவற்றுக்கு விடையிறுத்தல் ஆகியவற்றையும் சேர்க்கிறது. பிற்காலத் தமிழ்க் கல்வி பாடம் போற்றலை மட்டும் கைக்கொண்டு மற்றவற்றை நழுவவிட்டது.

வகுப்பறையில் பேச்சு வழக்கு பெரும்பாலும் பிழையாகவே நடத்தப்படுகிறது. 'கொச்சை நீக்கி எழுதுக' என்பது வினாத்தாளின் மொழி. சிங்கப்பூர் மாறாக, 2005-இல் வெளியான தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கையின் வழி, பேச்சுத் தமிழை வகுப்பறையில் கற்பிக்கத்தக்க வழக்காக ஏற்றது. தமிழ் வீட்டுமொழியாக நிலைப்பது ஐயத்திற்குரியதாகிவிட்ட நாட்டில் அம்முடிவு வாழ்வுச் சிக்கலிலிருந்து பிறந்தது. அங்கு வாய்மொழித் தேர்வில் காணொளியைக் காட்டி அது குறித்து உரையாடச் செய்யும் முறையும் பின்னர் வந்தது. தமிழ்நாட்டின் தேவை வேறு. இங்கு பேச்சு நலிந்துவிடவில்லை. அது எழுத்துக்குள் வரும் பாதைதான் அடைபட்டுள்ளது. ஒலிப்பதிவுக் கருவி எல்லார் கையிலும் இருக்கும் இக்காலத்தில் அப்பாதையைத் திறக்கும் வாய்ப்பு முன்னெப்போதும் இல்லாத அளவு உள்ளது.

சிவகிரி வட்டாரம்: ஒரு பணித்தொடர்

மேற்கூறிய கருத்தைச் செயல்வடிவில் காண, தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் கோட்டத்தைச் சேர்ந்த சிவகிரி இங்கு களமாகக் கொள்ளப்படுகிறது. (ஈரோடு மாவட்டச் சிவகிரி வேறு.) மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில், இராசபாளையத்திற்கும் வாசுதேவநல்லூருக்கும் இடையே, பழைய ஜமீன் ஊராகிய சிவகிரி அமைந்துள்ளது. குளத்துப் பாசனமும் எலுமிச்சையும் இவ்வட்டாரத்தின் வாழ்வில் கலந்தவை. புளியங்குடி எலுமிச்சைச் சந்தை தென்மாவட்டங்களில் பெயர் பெற்றது. 'சொல்லுதேன்', 'வாரேன்', 'மைனி' என்று நெல்லை வழக்கு பேசும் நிலம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கருத்திற்கொண்டு, ஊர்க் குளத்தைப் பற்றிய மனு ஒன்றை எழுதுவதில் முடியும் பணித்தொடர் இங்கு வடிவமைக்கப்படுகிறது.

முதற்கட்டத்தில் வகுப்பு நான்கைந்து குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் குளத்துப் பாசனம் அறிந்த ஒரு முதியவரிடம் இசைவு பெற்று, அவர் பேச்சை ஐந்து மணித்துளி அளவில் கைப்பேசியில் பதிவு செய்கிறது. பதிவுகள் பொதுவில் வைக்கப்படுவதில்லை. ஒரு குழுவின் பதிவு அக்குழுவிடமே இருக்கும். தகவல் இடைவெளி இவ்வாறு தானே அமைகிறது.

ஒருவர் இவ்வாறு சொல்வதாகக் கொள்ளலாம்: "மறுகா பாஞ்சு நாலு வருசமாச்சு. மடையத் தெறந்தாலும் தண்ணி கடைசி வயலுக்கு வராது." மற்றொரு குழுவின் பதிவில் வேறொருவர், "போன வருசங்கூட மறுகா பாஞ்சுதே" என்கிறார். இரண்டும் எவ்வாறு மெய்யாக முடியும்? வகுப்பு உய்த்துணர வேண்டும். ஒருவர் மேலக்குளத்தையும் மற்றவர் கீழக்குளத்தையும் குறித்திருக்கலாம். அல்லது ஒருவர் நினைவு பிழைத்திருக்கலாம். புவன், கூகுள் வரைபடம் ஆகியவற்றின் செயற்கைக்கோள் படத்தில் குளங்களின் இருப்பையும், ஒன்றன் உபரிநீர் மற்றொன்றனுள் பாயும் வரத்துக்காலையும் மாணவர் பார்த்து வரைகின்றனர். போதாவிடில் மீண்டும் அம்முதியவரிடம் சென்று ஒரு வினா கேட்டு வருகின்றனர். அவ்வினாவை அவருக்குப் புரியும் வழக்கில் தொடுப்பதும் மொழிப்பணியே.

இரண்டாம் கட்டம் பேச்சை எழுத்தாக்குதல். 2017 முதல் தமிழில் கிடைக்கும் கூகுள் குரல்வழித் தட்டச்சு போன்ற கருவிகள் இங்குப் பயன்படும். ஆனால் ஆசிரியர் எதிர்பார்க்கும் வகையில் அன்று. வட்டாரச் சொல் மிகுந்த முதியவர் பேச்சைப் பொறி பல இடங்களில் தவறாகவே எழுதும். 'மறுகா' என்பதனை அது 'முருகா' என்று எழுதி வைக்கவும் கூடும். அத்தவறு ஒரு நற்பேறு. பொறி எழுதியதையும் தம் காதால் கேட்டதையும் ஒப்பிட்டுத் திருத்தும் மாணவர், ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை இலக்கண வகுப்பில் கவனிப்பதைவிடக் கூர்மையாகக் கவனிக்கிறார். பொறி பிழையின்றி எழுதியிருந்தால் இடைவெளி நிரம்பிப் பணி முடிந்திருக்கும்.

மூன்றாம் கட்டத்தில் பேச்சு, மனுவின் மொழியாக மாறுகிறது. மேற்கண்ட முதற்கூற்று, "நான்கு ஆண்டுகளாகக் குளம் நிரம்பி மறுகால் பாயவில்லை. மடையைத் திறந்தாலும் கடைமடை வயல்களுக்கு நீர் சென்று சேர்வதில்லை" என்று ஆகலாம். இம்மாற்றத்தில் நிகழ்ந்தவை கொச்சை நீக்கம் என்னும் சொல்லுள் அடங்கா. பேச்சில் தொக்குநின்ற 'குளம்' என்னும் எழுவாய் எழுத்தில் வெளிப்பட்டது. மறுகால் பாய்ந்து நான்கு ஆண்டாயிற்று என்னும் உடன்பாட்டுக் கூற்று, நான்கு ஆண்டாகப் பாயவில்லை என்னும் எதிர்மறையாயிற்று. ஏனெனில் மனுவைப் படிக்கும் அலுவலருக்கு வேண்டுவது குறை. 'கடைசி வயல்' என்பதற்குக் 'கடைமடை' என்னும் துறைச்சொல் வந்தது. 'மறுகால்' என்பதோ மாற்றப்படவில்லை. பிற வட்டாரங்களில் கலிங்கு என வழங்குவது தென்பாண்டி நாட்டில் மறுகால்; அது கொச்சையன்று, பாசனத் துறைச்சொல். எது நீக்கத்தக்கது, எது நிலைக்கத்தக்கது என்னும் இத்தெரிவே எழுத்துத் தமிழின் உயிர்நிலை. அதனை விதியாகச் சொல்லிக்கொடுத்தல் அரிது. ஒரு மனுவை எழுதும்போதே அது கைவருகிறது.

எவருக்கு எழுதுவது என்பதும் இங்கு மனப்பாடச் செய்தியன்று. 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய குளம் நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதனிற் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருப்பது தமிழ்நாட்டு நடைமுறை. ஆகவே ஆயக்கட்டு எவ்வளவு என்று கண்டறிந்த பின்னரே 'பெறுநர்' என்னும் இடத்தை நிரப்ப இயலும். முன்னுரையில் கூறிய கடிதத்தில் 'பெறுநர்' என்பது வடிவத்தின் ஓர் உறுப்பு. இங்கு அது தேடலின் விளைவு. மனு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஊரார் வழியாக அளிக்கப்படலாம். அதற்கு ஒப்புகை எண் கிடைக்கும். 'அ அ அ' என்பவருக்கு அது ஒருபோதும் கிடைத்ததில்லை.

இத்தொடருக்கு வேண்டிய கருவி மிகச் சிறிது. குழுவுக்கு ஒரு கைப்பேசி போதும். வீட்டில் கைப்பேசி இல்லாத மாணவர் இருப்பின் ஆசிரியரின் கைப்பேசியில் பதிவு செய்யலாம். வரைபடம் பார்க்கவும் தட்டச்சு செய்யவும் பள்ளி ஆய்வகம் இரண்டு பாடவேளை கிடைத்தால் போதுமானது. இணையம் இல்லாத நாளில் முதற்கட்டமும் மூன்றாம் கட்டமும் தடையின்றி நடைபெறும். எல்லாரும் எல்லாக் காலமும் திரை முன் அமர்ந்திருக்க வேண்டிய பணி, நாற்பது ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் நடக்கப்போவதில்லை. ஆசிரியர் தாமே கேட்டுப் பார்க்காத பதிவை வகுப்பில் ஒலிக்கவிடுவதும் கூடாது. முதியவர் நிலத்தகராறோ குடும்பச் செய்தியோ பேசியிருக்கக்கூடும்.

விசைப்பலகை பற்றி ஒரு குறிப்பு

தட்டச்சு என்னும் கட்டத்தைக் கல்வியாளர் பெரும்பாலும் நுட்பச் செய்தியாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். அது மொழிச் செய்தி. கைப்பேசியில் தமிழை உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டி, பொறி முன்வைக்கும் தமிழ்ச் சொற்களிலிருந்து ஒன்றைத் தெரிவுசெய்யும் பழக்கம் இளைஞரிடம் ஊன்றிவிட்டது. இதில் லகர, ளகர, ழகர வேறுபாடும் னகர, ணகர வேறுபாடும் எழுதுவோரின் உள்ளத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. பட்டியலில் முதலில் வந்த சொல்லே எழுத்தாகிறது. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் வழி வந்த தமிழ் 99 விசைப்பலகையில் உயிர் ஒருபுறமும் மெய் மறுபுறமும் அமைந்துள்ளன. ககர விசையையும் ஆகார விசையையும் அடுத்தடுத்து அழுத்தினால் 'கா' பிறக்கிறது. ஒரே மெய் இரட்டித்தால் முன்னதன்மேல் புள்ளி தானே ஏறுகிறது. எழுத்திலக்கணம் விரலில் நிகழ்கிறது. பணித்தொடரின் மூன்றாம் கட்டத்தைத் தமிழ் 99-இல் செய்யப் பழக்குவது, கூடுதல் நேரம் கொள்ளும் எனினும், எழுத்துப்பிழைத் திருத்தப் பாடங்கள் பலவற்றை மிச்சப்படுத்தும்.

மதிப்பீடு

பணி முடிந்த பின் எதனை மதிப்பிடுவது என்னும் வினா எஞ்சுகிறது. மனுவின் இறுதி வடிவத்தை மட்டும் மதிப்பிட்டால், வழிகாட்டி நூலிலிருந்து எழுதிய கடிதத்திற்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. அண்மைக் காலத்து உரையாக்கச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ, 'குளம் தூர்வார மனு' என்று கேட்ட அளவில் ஒழுங்கான மனுவொன்றைத் தந்துவிடுகின்றன. இடைவெளியை முற்றாக நிரப்பும் கருவிக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு இல்லை. அவற்றைத் தடைசெய்வதால் பயன் விளையாது. தடை வகுப்பறைச் சுவரோடு நின்றுவிடும். அத்தகைய கருவி தந்த மனுவையும் வகுப்பு எழுதிய மனுவையும் அருகருகே வைத்து, முதலாவதில் எந்தக் குளம், எந்த மடை, எத்தனை ஆண்டு என்பவை உள்ளனவா என்று கேட்பது பயனுள்ள பாடமாகும். முதியவர் பேசியது கருவிக்குத் தெரியாது. அவர் பதிவு மாணவரிடம் மட்டுமே உள்ளது.

எனவே மதிப்பீட்டிற்கு உரியது கோப்பு முழுவதும் ஆகும். ஒலிப்பதிவு, பொறி எழுதிய வடிவம், மாணவர் திருத்திய வடிவம், மனுவின் முதல் வரைவு, இறுதி வடிவம் ஆகிய ஐந்தும் ஒரே கோப்பில் வரிசையாக இருக்க வேண்டும். ஒரு வடிவத்திற்கும் அடுத்ததற்கும் இடையே மாணவர் செய்த தெரிவுகளையும் அவற்றுக்கு அவர் கூறும் காரணத்தையும் ஆசிரியர் கேட்டறிந்து மதிப்பெண் இடலாம். 'மறுகால்' என்பதை ஏன் மாற்றவில்லை என்ற வினாவுக்கு ஒரு மாணவர் தரும் விடை, அவர் தமிழறிவுக்குப் பத்து மதிப்பெண் கடிதத்தினும் உறுதியான சான்று. அரசுப் பொதுத்தேர்வில் இத்தகைய மதிப்பீட்டிற்கு இன்று இடமில்லை. வளரறி மதிப்பீட்டின் செயல்திட்டப் பகுதியில் இடமுண்டு, ஆங்கிருந்து தொடங்கலாம். பெரெட்டாவும் டேவிசும் கண்டவாறு, தேர்வு மாறாதவரை பணிசார் வகுப்பில் பயின்ற மாணவர் 'அ அ அ' என்னும் பெயரில் எழுதும் கடிதத்தில் ஓரிரு மதிப்பெண் பின்தங்கவும் கூடும். அவ்விழப்பை ஏற்றுக்கொள்ளும் ஆசிரியருக்குத் துறையளவில் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும்.